இன்லைன் மசில்லோடர்: மருந்து கெட்டிப்பதிலிருந்து கழுவி எண்ணெய் போடுவது வரை

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் அதிர்வேட்டு போடுவதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு மசில்லோடர் பாதி புரிந்த மாதிரிதான். இரும்புக் குழாய்க்குள் கருமருந்தைப் போடுவார்கள், மேலே செங்கல் தூளைப் போட்டு இறுக்கிக் கெட்டிப்பார்கள், அடியில் இருக்கும் சின்னத் துளையில் தீ வைப்பார்கள். அந்தக் குழாயை நீளமாக்கி, உட்சுவரில் முறுக்கு வரி வெட்டி, செங்கல் தூளுக்குப் பதில் ஒரு குண்டை இறக்கினால் அதுதான் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. மசில்லோடர் என்ற பெயருக்கும் அதுதான் பொருள்.

நான் அமெரிக்காவின் ஒஹாயோவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தேவிபட்டினம் திரும்பியவன். கீழக்கரை, தொண்டி, மண்டபம் என்று இந்தக் கரையிலிருந்து அங்கே போயிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மாமா, கூட வேலை பார்க்கிறவர் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். ஜனவரியில் மசில்லோடர் சீசனாம். என்ன வாங்குவது, எப்படிக் கெட்டிப்பது?" ஆளுக்கு ஆள் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை முழுதாக எழுதிவிட்டேன்.

இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். இன்லைன் துப்பாக்கி எவ்வளவு நவீனமாக வந்தாலும், தோட்டாவைத் தொழிற்சாலை செய்து தருவதில்லை. உங்கள் கைதான் செய்கிறது. ஒவ்வொரு முறையும் அதே மருந்து, அதே அளவு, அதே அழுத்தம், அன்றன்றைக்கே கழுவுதல். இவற்றில் கை தவறினால் விலை உயர்ந்த துப்பாக்கியும் காப்பாற்றாது.

முதலில் சட்டம்

இங்கே ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. நாட்டுத் துப்பாக்கிதானே என்று நினைக்காதீர்கள். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் தேசியப் பூங்கா. சக்கரக்கோட்டை, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல் கண்மாய்கள் எல்லாம் பறவைகள் சரணாலயம். தனுஷ்கோடிக்கு வரும் பூநாரையைப் பைனாகுலரில் பார்ப்பதோடு சரி. அங்கே வாங்கிய துப்பாக்கியை இங்கே கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். கருமருந்தையும், அதைப் பற்றவைக்கும் பிரைமரையும் விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் எதிலும் வைக்கக்கூடாது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். கருமருந்தோ அதன் மாற்று மருந்தோ மட்டும் போட்டு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி, தோட்டா போட முடியாததாக இருந்தால், பெரும்பாலும் அங்கே கூட்டாட்சிச் சட்டத்தில் "பழங்காலத் துப்பாக்கி" வகையில் சேரும்; சாதாரணத் துப்பாக்கிக்கான கட்டுப்பாடுகள் அதற்கு இல்லை. ஆனால் குழலை மாற்றித் தோட்டாத் துப்பாக்கியாகவும் பயன்படுத்தக்கூடிய சட்டகம் உள்ளவை, உதாரணத்துக்குத் தாம்ப்சன் சென்டர் என்கோர், துப்பாக்கியாகவே எண்ணப்படும். மருந்தைப் பிளாஸ்டிக் குப்பியில் அடைத்துப் பின்பக்கமாகப் போடும் டிரடிஷன்ஸ் நைட்ரோஃபயரும் அப்படித்தான்.

வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ போனவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் உங்களால் அங்கே சாதாரணத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. மாநிலச் சட்டம் இதற்கு மேலும் கடுமையாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். விசா போனால் திரும்பக் கிடைப்பது எளிதில்லை.

அடுத்தது வேட்டை விதி. மாநிலத்துக்கு மாநிலம் இது ரொம்பவே மாறும். ஒஹாயோவில் இன்லைன், ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), சேபோ (குண்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறை) எல்லாம் சரி. கழுத்துக் குறுகிய தோட்டா போடும் ரைபிளுக்கு அங்கே மான் வேட்டையில் அனுமதி இல்லாததால் மசில்லோடருக்கு மவுசு அதிகம். கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் ஸ்கோப், சேபோ, வில்லையாக அழுத்திய மருந்து மூன்றும் கூடாது. ஐடஹோவின் மசில்லோடர் பருவத்தில் பற்றவைக்கும் இடம் வெளியே திறந்திருக்க வேண்டும். ஷாட்கன் தோட்டாவில் போடும் 209 எண் பிரைமருக்கு அனுமதி இல்லை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பருவம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு என்றே ஏற்பட்டது. அந்தந்த ஆண்டு மாநில வேட்டைத் துறை வெளியிடும் விதிப் புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். வேட்டைப் பயிற்சி வகுப்பு, உரிமம், மானுக்கான அனுமதிச் சீட்டு, ஆரஞ்சு நிற மேலங்கி இவற்றையும் அந்தப் புத்தகமே சொல்லும்.

இன்லைன் என்றால் என்ன

பழைய கேப் துப்பாக்கியில் குதிரை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தி, பக்கவாட்டில் இருக்கும். கேப்பில் எழும் தீப்பொறி ஒரு மூலை திரும்பித்தான் மருந்தைத் தொட வேண்டும். அந்த வளைவில் கசடோ ஈரமோ இருந்தால் பொறி அங்கேயே செத்துவிடும். இன்லைனில் பிரைமர், பற்றுவாய் (பொறி போகும் துளை), மருந்து, குண்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. பொறி நேராகப் பாய்கிறது. மூடிய அமைப்பு என்பதால் மழைத்துளியும் எளிதில் உள்ளே போகாது.

இந்த யோசனை பழையதுதான் என்றாலும், மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்கே-85தான் வேட்டைக்காரர்களிடையே இதைப் பரப்பியது. இன்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலானவை நடுவில் மடங்கித் திறக்கும் வகை. பின்பக்கம் பிரீச் பிளக் என்ற திருகு அடைப்பான் இருக்கும். ஷாட்கன் தோட்டாவில் போடும் 209 எண் பிரைமர் அதன் பின்னால் உட்காரும்.

வாங்கும்போது

புதியவருக்கு நான் சொல்வது: மடங்கும் வகை, 0.50 அங்குலக் குழல், கையாலேயே கழற்றக்கூடிய பிரீச் பிளக், துருப்பிடிக்காத எஃகு அல்லது நைட்ரைடு பூச்சுக் குழல். சிவிஏ, டிரடிஷன்ஸ் நிறுவனங்களின் தொடக்கநிலை மாடல்களே போதும். மிச்சப்பட்ட பணத்தில் நல்ல ஸ்கோப்பும், பயிற்சிக்கு இன்னும் இரண்டு டப்பா மருந்தும் வாங்குங்கள்.

குழலுக்குள் இருக்கும் வரியின் முறுக்கையும் கேளுங்கள். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது இன்லைனில் வழக்கம். நீளக் குண்டுக்கும் சேபோவுக்கும் அது ஒத்துப்போகும். துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு 60 அங்குலத்துக்கு மேல் ஒரு சுற்று என்று மெதுவான முறுக்கு வேண்டும். உருண்டைக் குண்டு ஆசையில் இன்லைன் வாங்கினால் ஏமாற்றம்தான். கூடவே வாங்க வேண்டியவை: மருந்து அளவைக் குழாய், குண்டைத் தொடங்கிவைக்கும் குட்டைக்கோல், துடைப்புத்துணி, அதைப் பிடிக்கும் ஜாக் முனை, பித்தளைத் தூரிகை, பிரீச் பிளக் மரைக்குப் போடும் கிரீஸ், மருந்தை முன்கூட்டி அளந்து வைக்கும் மூடிபோட்ட குழாய்கள்.

மருந்து

இங்கேதான் ஆபத்து அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மருந்து மூன்று வகை. ஒன்று அசல் கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகம். எளிதில் பற்றும், கசடு அதிகம். இரண்டாவது, கருமருந்துக்கு மாற்றாக வந்த பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்றவை. தூளாகவும் வில்லையாகவும் கிடைக்கும். பைரோடெக்ஸின் கசடு துருவை வேகமாக இழுக்கும். டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, தண்ணீரிலேயே கழுவலாம். ஆனால் குண்டு உட்காரும் இடத்துக்கு அருகில் கெட்டியான கசடு வளையம் ஒன்று படியும். மூன்றாவது, பிளாக்ஹார்ன் 209. ஈரத்தை எளிதில் இழுக்காது, கசடு குறைவு, ஒரு சுடுதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே துடைக்காமலே பல முறை சுடலாம். ஆனால் பற்றவைக்க வலுவான 209 பிரைமரும், அதற்கேற்ற பிரீச் பிளக்கும் வேண்டும், விலையும் அதிகம்.

இவை எல்லாவற்றிலிருந்தும் வேறானது புகையில்லா மருந்து. தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து அதுதான். அதை மசில்லோடரில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. கருமருந்துக்கு என்று செய்த குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும்; போவது உங்கள் விரலும் கண்ணும். முன்பு சாவேஜ் 10எம்எல் என்று புகையில்லா மருந்துக்கென்றே ஒரு மாடல் இருந்தது. அதைப் பற்றிக் கேள்விப்பட்ட அரைகுறை ஆட்கள் எல்லா இன்லைனிலும் போடலாம் என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். குழலில் பொறித்திருப்பதும் கையேட்டில் அச்சிட்டிருப்பதும்தான் கணக்கு.

அடுத்தது அளவு. இந்த மருந்துகளை எடையால் அல்ல, கொள்ளளவால் அளக்கிறார்கள். ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் படிக்கணக்கில் ஒன்றுதான், தராசில் வைத்தால் வேறு. அதே மாதிரிதான் இதுவும். அளவைக் குழாயில் "100 கிரெயின்" கோடு வரை கருமருந்தை நிரப்பினால் எடையும் ஏறத்தாழ 100 கிரெயின், அதாவது 6.5 கிராம். பிளாக்ஹார்னை அதே கோடு வரை நிரப்பினால் எடை சுமார் 70 கிரெயின்தான். இதை அறியாமல் பிளாக்ஹார்னைத் தராசில் 100 கிரெயின் நிறுத்துப் போட்டவர் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார். கொள்ளளவு என்று சொன்னால் கொள்ளளவு, எடை என்று சொன்னால் எடை. இரண்டையும் கலக்கவே கூடாது.

வில்லை மருந்து ஒவ்வொன்றும் வழக்கமாக 50 கிரெயின் அளவுக்குச் சமம். இரண்டு போட்டால் 100. பல துப்பாக்கிகளில் மூன்று வரை அனுமதி உண்டு, ஆனால் மானுக்கு அது தேவையே இல்லை. தோளில் இடி கூடுகிறது, குறி சிதறுகிறது. பைரோடெக்ஸ் வில்லையின் ஒரு முனையில் கறுப்பாகப் பற்றுமருந்து பூசியிருக்கும். அந்த முனை பிரீச் பக்கம் பார்க்க வேண்டும். எனக்குத் தூள்தான் பிடிக்கும். 90, 95, 100 என்று மாற்றிப் பார்த்து உங்கள் குழலுக்கு எது இசைகிறது என்று கண்டுபிடிக்கலாம்; வில்லையில் அந்த வசதி இல்லை.

குண்டு

சேபோ என்பது குண்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறை. 0.50 குழலுக்குள் 0.45 அளவுள்ள குண்டை அது இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு முறுக்கைக் கடத்தும். வாயைத் தாண்டியதும் கழன்று விழுந்துவிடும். 250 கிரெயின் குண்டு வெள்ளைவால் மானுக்குப் போதும். சேபோ கூடாத மாநிலத்தில் குழல் அளவுக்கே வார்த்த ஈயக் குண்டு. குண்டு இறங்கும்போது கை அழுத்தம் சீராக இருக்க வேண்டும். தானாகச் சறுக்கிப் போனால் தளர்வு, உட்கார்ந்து அழுத்தினாலும் இறங்காவிட்டால் இறுக்கம். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பொட்டலம் வாங்கிச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

கெட்டிக்கும் முறை

என் தாத்தாவிடம் உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்திருக்கிறது. நான் பிறந்தபோது துப்பாக்கி போய்விட்டது. குண்டைக் குழலுக்குள் தள்ளும் கஜக்கோல் மட்டும் மிஞ்சி, அடுக்களையில் விறகு தள்ளும் கம்பியாக வாழ்ந்தது. அதில் அரத்தால் கீறிய இரண்டு கோடுகள் இருக்கும். அவை எதற்கென்று ஒஹாயோவில் முதல் முறை கெட்டித்த அன்றுதான் புரிந்தது. ஒன்று வெற்றுக் குழலின் அடையாளம், இன்னொன்று கெட்டித்த குழலின் அடையாளம். அந்தக் கோடுகளை நீங்களும் போட வேண்டும்.

1. குழலின் வாய் ஆளில்லாத பக்கம் இருக்கட்டும். பிரைமர் இல்லை என்று பாருங்கள். கஜக்கோலை உள்ளே விட்டு அடிவரை போகிறதா என்று பாருங்கள். வாயோடு சமமாக நிற்கும் இடத்தில் முதல் கோடு. அடுத்த முறை இந்தக் கோடு குழல் வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

2. சேமித்து வைக்கும்போது போட்ட எண்ணெயை உலர்ந்த துணியால் முழுக்கத் துடையுங்கள். பிறகு ஜாக்கில் ஒரு துணியை மாட்டி அடிவரை இறக்கி, அதை அங்கேயே வைத்தபடி ஒரு பிரைமரை மட்டும் வெடியுங்கள். துணியில் கருகல் தெரிந்தால் பற்றுவாய் திறந்திருக்கிறது.

இதை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், என் இரண்டாவது பருவத்தில் இதைச் செய்யாமல் போனேன். 60 கெஜத்தில் நல்ல கிடா மான், பக்கவாட்டில் நின்றது. விசையை இழுத்தேன், பிரைமர் மட்டும் "டப்" என்றது. அடியில் தேங்கிய எண்ணெய் மருந்தை நனைத்திருந்தது. அந்த மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

3. மருந்தை டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். முன் சுடுதலின் கங்கு உள்ளே இருந்தால் கையிலிருக்கும் டப்பா முழுவதும் பற்றும். அளவைக் குழாயில் எடுத்து, வேறு குப்பிக்கு மாற்றி, டப்பாவை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் குப்பியிலிருந்து ஊற்றுங்கள். முகமும் உள்ளங்கையும் குழல் வாய்க்கு மேலே வரக்கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. ஊற்றியபின் குழலை இரண்டு தட்டுத் தட்டினால் மருந்து அடியில் சமமாக உட்காரும்.

4. சேபோவோடு குண்டை வாயில் வைத்துக் குட்டைக்கோலால் ஓர் அழுத்து. பிறகு கஜக்கோலைக் குழல் வாய்க்கு அருகில் பிடித்து, சாண் சாணாக இறக்குங்கள். மேல் முனையைப் பிடித்து ஒரே மூச்சில் தள்ளினால் கோல் ஒடிந்து கையைக் கிழிக்கலாம்.

5. குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இடிக்கக்கூடாது, இடித்தால் குண்டின் மூக்கும் வில்லையும் நசுங்கும். அதிர்வேட்டுப் பழக்கத்தில் கை இடிக்கத்தான் பார்க்கும், அடக்குங்கள். கோலில் இரண்டாவது கோட்டை இப்போது போடுங்கள். அடுத்தடுத்த முறை இந்தக் கோடு குழல் வாய்க்கு மேலே நின்றால் குண்டு மருந்தைத் தொடவில்லை, அல்லது இரண்டு முறை கெட்டித்துவிட்டீர்கள். குண்டுக்கும் மருந்துக்கும் இடைவெளி இருந்தால் அந்தக் குண்டு குழலை அடைத்த மாதிரி ஆகிக் குழல் வெடிக்கக்கூடும். கோடு வாய்க்குக் கீழே இறங்கினால் மருந்து குறைவு, அல்லது மருந்தே போடவில்லை.

6. பிரைமர் கடைசி. காட்டில் உங்கள் இடத்தில் உட்கார்ந்து, வேட்டை நேரம் தொடங்கியபின்தான் அது உள்ளே போக வேண்டும். மரத்து மேடையில் உட்காருகிறவர் துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும்போது பிரைமர் கண்டிப்பாக இருக்கக்கூடாது.

கெட்டிக்கும் நேரத்தில் யாரும் உங்களோடு பேச வேண்டாம். பேச்சில்தான் மருந்தை மறப்பதும் இரண்டு முறை போடுவதும் நடக்கின்றன.

குறி சரிபார்த்தல்

காதடைப்பும் கண்ணாடியும் போட்டு, மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, முதலில் 25 கெஜம், பிறகு 50, பிறகு 100. ஒவ்வொரு தூரத்திலும் மூன்று சுடுதல். பைரோடெக்ஸோ டிரிபிள் செவனோ என்றால் ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்னும் ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று. குழல் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். சூட்டில் சேபோ இளகிக் குறி மாறும்.

சுத்தமான குழலிலிருந்து போகும் முதல் குண்டும், ஏற்கெனவே சுட்ட குழலிலிருந்து போகும் குண்டும் ஒரே இடத்தில் விழாமல் போகலாம். காட்டில் உங்களுக்கு முக்கியம் முதல் குண்டு. அதனால் இன்னொரு நாள் போய், துடைத்த குழலில் ஒரே ஒரு முறை சுட்டுப் பாருங்கள். எந்த நிலையில் குறி வைத்தீர்களோ அதே நிலையில் வேட்டைக்குப் போங்கள்.

100 கிரெயின் அளவு மருந்தும் 250 கிரெயின் குண்டும் என்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,700, 1,800 அடி. 100 கெஜத்தில் குறியை நிறுத்தினால் 150 கெஜத்தில் குண்டு 5, 6 அங்குலம் தாழும். 200இல் ஒரு அடிக்கு மேல். காற்றும் சேரும். நம் கரையில் கச்சான் காற்று அடிக்கும்போது வலையை எங்கே வீசுவது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. கனத்த, மெதுவான குண்டைக் காற்று நகர்த்தும். விளம்பரத்தில் 200, 250 கெஜம் என்பார்கள். புதியவருக்கு 100 கெஜம், அதாவது 91 மீட்டர்தான் என் கணக்கு. எட்டு அங்குலத் தட்டு ஒன்றில் எத்தனை கெஜத்திலிருந்து தவறாமல் அடிக்கிறீர்களோ அதுவரைதான் உங்கள் எல்லை. இரண்டாவது குண்டுக்கு நேரம் கிடைக்காத துப்பாக்கியில் தூரத்துக்கு ஆசைப்பட்டால் துன்பப்படுவது அந்த விலங்கு.

காட்டில்

ஜனவரிக் குளிரில் வெளியே இருந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் மாதிரி அது வியர்க்கும். வியர்வை குழலுக்குள்ளும் இருக்கும், மருந்து நனையும். பிரைமரை எடுத்துவிட்டு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில், பூட்டிய குளிர்ந்த கொட்டகையில் வைப்பது நல்லது. குழல் வாயில் மின்கம்பிக்குச் சுற்றும் மெல்லிய நாடா ஒரு துண்டு ஒட்டினால் மழையும் பனியும் உள்ளே போகாது. சுடும்போது குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைத் தள்ளிவிடும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் பின்பக்கம், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரம். அங்கேதான் இதயமும் நுரையீரலும். எதிரே நோக்கி நிற்கிறதா, காத்திருங்கள். பின்னால் வேறு மானோ வீடோ சாலையோ இருக்கிறதா, சுடாதீர்கள்.

விசையை இழுத்து பிரைமர் மட்டும் வெடித்தால் துப்பாக்கியைத் திறக்காதீர்கள். தாமதமாகப் பற்றி வெடிக்கலாம். வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி குறைந்தது ஒரு முழு நிமிடம் பொறுங்கள். பிறகு புதுப் பிரைமர். அதுவும் போகாவிட்டால், பிரைமரை எடுத்துவிட்டுப் பிரீச் பிளக்கைக் கழற்றி, மருந்தையும் குண்டையும் கஜக்கோலால் பின்பக்கமாகத் தள்ளி எடுங்கள்.

சுட்டதும் முன்னே வெள்ளைப் புகை நிற்கும், ஒன்றும் தெரியாது. மான் எந்த மரத்தருகே நின்றது, எந்தப் பக்கம் ஓடியது என்று புகைக்கு ஒருபக்கமாகக் குனிந்து பார்த்து மனதில் வையுங்கள். உடனே மறுபடி கெட்டியுங்கள், அதே ஆறு படிகள், அவசரமில்லாமல். மான் கண்முன்னே விழவில்லை என்றால் அரை மணி நேரம் கழித்துத் தடம் பாருங்கள். முன்னதாகப் போனால் அடிபட்டது எழுந்து வெகுதூரம் ஓடும்.

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டார்: "காக்கா (அண்ணா), துப்பாக்கியில் அடித்தது ஹலாலா?" பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுடுவதும், உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால் அறுத்துவிடுவதும் எல்லோரும் சொல்வது. குண்டிலேயே இறந்துவிட்டால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பருவம் தொடங்குமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு போங்கள்.

கழுவுதல்

இந்தப் பாடத்தை எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் நடத்தவே வேண்டாம். கடலுக்குப் போய் வந்த அவுட்போர்டு எஞ்சினை நன்னீர் விட்டுக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கருமருந்துக் கசடு உப்பு மாதிரிதான்: காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். ஒரு முறை சுட்டாலும் அன்றைக்கே கழுவ வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்று கடைக்காரர் சொல்வதை நம்பி ஒரு வாரம் விட்டவரின் குழலில் பொட்டுப் பொட்டாய்க் குழி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில், கெட்டிப்பு இல்லை என்று கஜக்கோல் கோட்டால் உறுதி செய்யுங்கள். பிரீச் பிளக்கைக் கழற்றிச் சோப்பு கலந்த வெந்நீரில் போடுங்கள். கருமருந்து, பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் என்றால் குழலுக்கும் சோப்பு வெந்நீர்தான். பிளாக்ஹார்னுக்குத் தண்ணீர் வேலை செய்யாது. பெட்ரோலியக் கரைப்பான் கலந்த துப்பாக்கித் துடைப்பு எண்ணெய் வேண்டும், பிளக்குக்கும் அதுவே. இதை மாற்றிச் செய்துவிட்டுக் கசடு போகவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

ஈரத்துணி பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் போகட்டும். ஐந்தாறு துணி, பிறகு தூரிகை பத்து முறை, மறுபடி துணி, வெளுப்பாக வரும்வரை. பற்றுவாய்த் துளையை அதன் அளவுக்கேற்ற கம்பியால் கையாலேயே திருகிச் சுத்தம் செய்யுங்கள், துளையைப் பெரிதாக்கிவிடக்கூடாது. பிளக்கின் மரையில் இருக்கும் கசடைப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். கஜக்கோல், ஜாக், பிரைமர் உட்காரும் இடம், குதிரையின் முகம் எல்லாம் கழுவுதலில் சேரும்.

வெந்நீரில் கழுவிய குழல் சூட்டிலேயே சீக்கிரம் உலரும். உலர்துணி இரண்டு மூன்று விட்டு, ஈரம் துளியும் இல்லை என்று ஆனபின் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. பிளக்கின் மரையில் கிரீஸ் தடவிக் கைவிரல் இறுக்கத்துக்கு மட்டும் திருகுங்கள். கிரீஸ் போடாமல் இறுக்கி வைத்தால் அடுத்த பருவத்தில் அது குழலோடு ஒட்டிப்போய், பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

துப்பாக்கியைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, பெயர்ச்சீட்டு கிழியாமல், குளிர்ந்த உலர்ந்த இடத்தில், பிரைமரிலிருந்து தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல். ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்து வெள்ளைத் துணி ஒன்றைக் குழலுக்குள் விட்டுப் பாருங்கள். மஞ்சள் எண்ணெய் மட்டும் வந்தால் சரி. துணியில் செம்பழுப்பு நிறம் துளி தெரிந்தாலும் வெந்நீர் வைத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.